புது கார்டு என்று நான் எழுதிக்கொடுத்தது

ஜூலை 14, 2008. திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. டாலிகஞ்ச் ஆட்டோ ஸ்டாண்டில் கணுக்கால் வரை தண்ணீர். கடையில் முதல் வேலை, ஷட்டருக்கு அடியில் கோணியைத் திணித்தது. அம்மாவின் கண் சொட்டு மருந்து வாங்க மறந்தேன்.

பதினொரு மணிக்கு சுந்தரம் சார் வந்தார். இடது கையில் மாவுக்கட்டு. வலது கையில் பை, பைக்குள் அவருடைய பெரிய லேப்டாப். பதினேழு அங்குலத் திரை, தனி கிராஃபிக்ஸ் கார்டு, தூக்கினால் தோள் வலிக்கும் ஜாதி. ஐந்து வாரத்துக்கு முன்னால் எங்கள் கடையில்தான் அதற்குப் புது கார்டு மாற்றினோம்.

சு. சார் திருநெல்வேலிக்காரர். ஒரு தனியார் கம்பெனிக்காக ஹூக்ளியில் லாஞ்ச் விட்டு ஆற்றின் ஆழம் அளக்கிறார். ஆழம் எவ்வளவு, லாஞ்ச் எங்கே நிற்கிறது, எல்லாம் அந்தத் திரையில்தான் தெரியும். அதைப் பார்த்துத்தான் ஓட்டுகிறவன் ஓட்டுவான்.

போன வியாழக்கிழமை ஆற்றில் டைமண்ட் ஹார்பரைத் தாண்டியதும் திரை சட்டென்று கறுத்துவிட்டதாம். லாஞ்ச் நல்ல வேகம். ஒரு நிமிஷத்துக்குள் மணல்திட்டில் ஏறிவிட்டது. சாருக்கு மணிக்கட்டு முறிவு. முன்னால் கயிறு பிடித்து நின்ற ஹால்தார் என்ற ஆளுக்கு மூன்று விலா எலும்பு.

"அவன் ஆஸ்பத்திரில கெடக்கான்மா. கம்பெனில என்ன சொல்லுதாங்கன்னா, நான்தான் கோளாறான மிஷினை ஏத்திட்டுப் போயிட்டேனாம். வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதிக் குடுக்கணும். அதுவரை வேலைக்கு வராதேன்னுட்டாங்க."

ஒரு வார்த்தை திட்டவில்லை. "நீங்க போட்ட புது கார்டுதானே. என்ன ஆச்சுன்னு பாத்துச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம்.

ஜூலை 15, செவ்வாய்

மழை விட்டு விட்டு. கரண்ட் இரண்டு முறை போனது.

காலையில் அந்த மிஷின். பவர் வருகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு. டார்ச் அடித்துப் பார்த்தேன். திரைக்குள் விளக்கு மட்டும் போயிருந்தால் வெளிச்சம் அடிக்கும்போது மங்கலாகப் படம் தெரியும். தெரியவில்லை. வெளி மானிட்டர் மாட்டினேன். அதிலும் ஒன்றுமில்லை. திரை நன்றாகத்தான் இருக்கிறது. கார்டுதான்.

ஐந்தே வாரத்தில் புது கார்டு சாகுமா? சாகலாம். திட்டிக்கொண்டே கழற்றினேன், அதை விற்றவனை.

கார்டின் சூட்டை இழுக்கும் ஹீட் சிங்கை எடுத்ததும் கை நின்றுவிட்டது.

செத்த பாகம் எதைக் கழற்றினாலும் அதன் ஓரத்தில் நீல நகப்பாலிஷில் ஒரு பொட்டு வைப்பேன். நல்லதோடு கலந்துவிடக் கூடாதென்று. இந்தக் கார்டில் பொட்டு இருந்தது. பிளேடால் சுரண்டியிருந்தார்கள், ஆனால் மூலையில் மிச்சம். சூட்டில் பழுப்பாகிப்போன நீலம். சிப்பைச் சுற்றிலும் பிசின் மாதிரி கறை. கடைக் கணக்கு நோட்டை எடுத்து ஸ்டிக்கரின் கடைசி நான்கு எண்ணைப் பார்த்தேன். அதே எண். என் கையெழுத்தில் பக்கத்திலேயே: "செத்தது."

சாருடைய பழைய கார்டையே ஹீட் கன்னில் சுட்டு, திரும்ப மாட்டியிருக்கிறது. சுட்டால் சிப்புக்கு அடியில் விட்டுப்போன ஈயம் கொஞ்ச நாளைக்கு ஒட்டிக்கொள்ளும். ஒரு வாரமோ, மூன்று மாதமோ. எப்போது விடும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அந்தக் கார்டு மாற்றியது அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்த வாரம். மூன்று நாள் நான் கடைக்கு வரவில்லை. வந்தபோது, "புது கார்டு வந்துருச்சு, நானே போட்டுட்டேன்" என்றான் நிர்மல். என் புருஷன். ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். ஜம்மென்று ஓடியது. திறந்து பார்க்கவில்லை. ரசீதில் "புது கார்டு, ஆறு மாத கேரண்டி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்.

ஏன் திறக்கவில்லை? புருஷன் சொன்னான் என்று. முட்டாள்.

நிர்மல் சரக்கு எடுக்க வெளியே போயிருக்கிறான். கார்டை என் டிராயரில் வைத்துப் பூட்டினேன்.

ஜூலை 16, புதன்

நேற்றிரவு அம்மா பக்கத்தில் இருந்ததால் பேசவில்லை. இன்று கடை திறந்ததும் கார்டை அவன் முன்னால் வைத்தேன். நாங்கள் பேசிக்கொள்வது வங்காள மொழியில். அவனுக்குத் தமிழ் படிக்க வராது, அதனால்தான் இந்த நோட்டு மேசைமேல் கிடந்தாலும் எனக்குக் கவலையில்லை.

"இது என்ன?"

பார்த்தான். பொய் சொல்லவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். "புது கார்டு வர லேட்டாச்சு. அந்த ஆளு தெனமும் போன். சும்மா சுட்டுப் பாத்தேன், ஓடிச்சு. புதுசு வந்ததும் மாத்திடலாம்னு நெனச்சேன்."

"வந்துச்சா?"

"அது அப்புறம் வேற ஒருத்தருக்குப் போயிடுச்சு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ விட்டிருக்க மாட்டே."

இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் வெட்கம்கூட இல்லை. என்னமோ என் குணத்தைக் குறை சொல்வது போல.

"மார்க்கெட்ல எல்லாரும் சுடறாங்க, ஜெயா. அவன் அதைப் படகுல வெச்சு ஓட்டுவான்னு நான் கண்டேனா?" கண்டான். ஆற்றில் மீன் எண்ணுகிற சார் என்று அவன்தானே கேலி செய்வான்!

அதற்கப்புறம் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. நிதானமாக, டீயைக் குடித்துக்கொண்டே: "தண்ணி பட்டுப் போச்சுன்னு எழுதிக் குடுத்துடு. ஆத்துல ஓடற மிஷின். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

தண்ணீர் பட்டால் யார் குற்றம்? சு. சார் குற்றம். வேலை போகும். அவருக்கு இரண்டு பெண்கள், மூத்தவள் பன்னிரண்டாம் வகுப்பு. இதெல்லாம் அவனுக்கும் தெரியும்.

கத்தினேன். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரி எட்டிப் பார்த்தாள். பார்க்கட்டும்.

இன்னும் எத்தனை மிஷினில் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினான். நாலு. ஒன்றில் நான் எழுதிய ரசீது.

பதினோரு வருஷம் இவனோடு. இவனைக் கட்டிக்கொள்ள எங்கள் வீட்டோடு எவ்வளவு சண்டை போட்டிருப்பேன். இன்று அவன் டீ குடிக்கும் சத்தமே பிடிக்கவில்லை.

ஜூலை 17, வியாழன்

வெயில். நான்கு நாளைக்குப் பிறகு. பீரோவிலிருந்த தோல் பை முழுக்கப் பூஞ்சணம்.

நாலு பேருக்கும் போன் செய்தேன்.
ஆர்க்கிடெக்ட் பெண், லேக் கார்டன்ஸ்: சத்தம் போட்டாள். நியாயம்.
அனிமேஷன் சொல்லித்தரும் மாஸ்டர்: மிஷினை நாளைக்கே கொண்டுவருகிறார்.
சினிமா எடிட்டிங் பையன்: "தீதி, நல்லாத்தான் ஓடுது, விடுங்க" என்றான். விட மாட்டேன் என்றேன்.
நாலாவது ஆள் போனை எடுக்கவில்லை.

ஒவ்வொரு போனுக்கும் நிர்மல் கடை வாசலில் போய் நின்றுகொண்டான், முதுகைக் காட்டி.

ஆட்டோவில் வரும்போது இரண்டு பேர் இந்த வருஷம் ஹில்சா மீனில் ருசியே இல்லை என்று அப்படிக் கோபப்பட்டார்கள். மீனுக்காக. எனக்கு அழுகை வந்தது.

சு. சாரின் கம்பெனிக்குக் கடிதம் எழுதினேன், இங்கிலீஷில். மூன்று தடவை கிழித்தேன். "பழுதான பழைய கார்டு, சூடுபடுத்தித் திரும்பப் பொருத்தப்பட்டது. புதியது என்று தவறாக எழுதிக் கொடுத்தோம். தண்ணீர் பட்ட அடையாளம் எதுவும் இல்லை. திரு. சுந்தரத்துக்கு இது தெரிய வழியில்லை." இவ்வளவுதான். கீழே என் பெயர்.

நிர்மலுக்குப் படித்துக் காட்டினேன். "கடையை மூட வேண்டியதுதான்" என்றான். சரி என்றேன்.

ஜூலை 18, வெள்ளி

மறுபடி மழை. சு. சாரோடு அவருடைய ஆபீசுக்குப் போனேன். டாக்ஸியில் கடிதத்தைப் படித்தார்.

"ஏம்மா, இதக் குடுத்தா உங்க கடைக்கு ஒருத்தனும் வரமாட்டானே."

"அதுக்கு என்ன சார் பண்றது?"

"ஒங்கள நம்பித்தாம்மா குடுத்தேன்." இப்போதுதான் சொன்னார். ஐந்து நாளாக மனதில் வைத்திருந்து. எனக்கு அது தேவையாகத்தான் இருந்தது.

மேனேஜர் வங்காளி, சின்ன வயசு. இரண்டு தடவை படித்தார். கார்டையும் கடைக் கணக்கு நோட்டையும் மேசைமேல் வைத்து எண்ணைக் காட்டினேன்.

"இதை மாட்டினது நீங்களா, மேடம்?"

கடிதத்தில் "பொருத்தப்பட்டது" என்று எழுதியிருந்தேன். யார் பொருத்தியது என்று எழுதவில்லை. மூன்று தடவை கிழித்து எழுதியும் எழுதவில்லை. அது இப்போதுதான் எனக்கே உறைத்தது. ஆமென்று தலையை ஆட்டியிருந்தால் முடிந்திருக்கும்.

"இல்லை. என் கணவர்." முழுப் பெயரையும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். ரசீது மட்டும் நான், திறந்து பார்க்காமல் எழுதினேன் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

சு. சார் திங்கட்கிழமை வேலைக்கு வரலாம். எங்களுக்கு வக்கீல் நோட்டீஸ் வரும். ஹால்தாரின் சிகிச்சைக்கு யார் பொறுப்பு என்று அதில் கேட்பார்களாம். கேட்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் நிர்மல், "என் பேரைச் சொன்னியா?"

"சொன்னேன்."

ராத்திரிச் சாப்பாட்டின்போது அம்மா எங்கள் இருவர் தட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஜூலை 19, சனி

தூறல். கடையை நான் மட்டும் திறந்தேன். அனிமேஷன் மாஸ்டரின் மிஷினைப் பிரித்தேன். அதிலும் சுட்ட கார்டு. நாலரை மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

நிர்மல் சற்று நேரத்தில் நனைந்து வந்தான். எங்கே போனாய் என்று நான் கேட்கவில்லை. அவனாகவே சொன்னான். ஆஸ்பத்திரிக்கு. ஹால்தாரைப் பார்க்க. ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனானாம்.

"வார்டுல ஆளுங்க இருந்தாங்க. ஆபீஸ்லேர்ந்து வந்திருக்கேன்னு நெனச்சுக்கிட்டான். என்னைப் பாத்துச் சிரிக்கப் பாத்தான், ஜெயா. சிரிச்சா நெஞ்சு வலிக்குது அவனுக்கு. கையால அமுக்கிக்கிட்டுச் சிரிச்சான்."

அழுதான். பதினோரு வருஷத்தில் இரண்டாவது தடவை. பக்கத்தில் போய் உட்காரத் தோன்றவில்லை. கோபம் ஒரு துளி குறையவில்லை.

"நீ யாருன்னு சொன்னியா?"

"இல்ல."

"விசிட்டிங் டைம் எப்போ வரைக்கும்?"

"ஆறு."

மணி ஐந்து பத்து. மெட்ரோவில் போனால் நேரம் இருக்கிறது என்றேன்.

எழுந்து ஈரச் செருப்பையே மறுபடி மாட்டிக்கொண்டான்.