புகை அடங்கிய கரி

என் வீட்டுக்காரருக்கு,

நேரில் பேசினால் குரல் உயரும், இது மருத்துவமனை. அதனால் இந்தக் கடிதத்தை நர்ஸிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

சனிக்கிழமை மழை வந்ததும், மாடியில் கறி சுட்டுக்கொண்டிருந்த கரியடுப்பைக் கூடத்துக்குத் தூக்கி வந்தீர்கள். "புகை அடங்கிடுச்சு, இனிமே ஒண்ணும் ஆகாது" என்று ஜன்னலையும் சாத்தினீர்கள். தலை வலிக்கிறது என்றேன். "பாத்திரம் கழுவணும்னா இவளுக்குத் தலைவலி வந்துடும்" என்றீர்கள். போனில் இருந்த உங்கள் அக்காவும் சேர்ந்து சிரித்தார்.

கோபத்தோடு மாத்திரை வாங்கக் கடைக்குப் போனேன். திரும்பி வந்தால் நீங்களும் பாப்பாவும் தரையில் மயங்கிக் கிடக்கிறீர்கள்.

"கரி கனன்றாலே கார்பன் மோனாக்சைடுங்கிற விஷவாயு வரும்மா. கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் இருக்காது. தலைவலிதான் முதல் எச்சரிக்கை" என்றார் டாக்டர். ஜன்னலைத் திறந்தே வைத்தாலும் கரியடுப்பை வீட்டுக்குள் கொண்டு வரக் கூடாதாம். அக்காவுக்குப் போன் போட்டு, அவர் காதில் விழும்படி டாக்டரை இன்னொரு முறை சொல்ல வைத்தேன். அக்கா சிரிக்கவில்லை.

பாப்பா தேறிவிட்டாள். அவளை அழைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறேன். உங்களுக்கு இன்னும் சில வாரம் தலை வலிக்குமாம்.

அன்றைய பாத்திரங்கள் எல்லாம் அப்படியே கிடக்கின்றன. ஒன்றைக்கூட நான் தொடவில்லை. வந்து கழுவுங்கள். கழுவும்போது தலை வலித்தால் தயங்காமல் சொல்லுங்கள், அக்காவைப் போனில் கூப்பிட்டுவிட்டுச் சிரிக்கிறேன்.

உங்கள்
தலைவலிக்காரி