கரண்டு இல்லாத மிஷின்

விருத்தாசலம்,
புரட்டாசி கடைசி ஞாயிறு.

வின்னிபெக்கில் இருக்கிற மகன் வளவனுக்கும் மருமகள் தமிழினிக்கும் அம்மா எழுதுவது. நீங்கள் இரண்டு பேரும், தமிழினி வயிற்றில் இருக்கிற ஏழு மாதப் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று கொளஞ்சியப்பரைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். இங்கே நானும் உன் அப்பாவும் சுகம். கடிதம் என்றால் முதலில் சுகம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன், அது எவ்வளவு தூரம் உண்மை என்று படிக்கப் படிக்க உனக்கே தெரியும். நியாயமாகப் பார்த்தால் அப்பன் பிள்ளை இரண்டு பேர் மேலும் மணவாளநல்லூரில் அதே கொளஞ்சியப்பர் கோயிலில் நான் பிராது எழுதிக் கட்டியிருக்க வேண்டும். சாமிக்கு ஊரெல்லாம் வழக்கு இருக்கிறது, நம் வீட்டு வழக்கையும் அவர் தலையில் ஏற்றுவானேன் என்று உனக்கே எழுதுகிறேன். போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ சிரிக்கிறாய். உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நான் வாயைத் திறக்கும் முன்பே பேச்சை மாற்றுகிறார். காகிதத்தில் எழுதினால் யாரும் குறுக்கே பேச முடியாது.

வியாழக்கிழமை நீ அனுப்பிய வீடியோவை ஏழெட்டுத் தடவை பார்த்துவிட்டேன். பிறக்கப்போகிற பிள்ளைக்கு உன் கையாலேயே தொட்டில் செய்கிறாய், ரொம்ப சந்தோஷம். பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த, மரம் இழைக்கிற பிளேனர் மிஷினும் பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதன் முன்னால் நிற்கிற என் மகன் இருக்கிறானே, அவனைப் பார்க்கத்தான் வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன். தொப்பி வைத்த முழுக்கைச் சட்டை, கழுத்திலிருந்து இரண்டு கயிறு தொங்கி ஆடுகிறது. விரலில் கல்யாண மோதிரம். காதில் பாட்டு. கண்ணுக்குக் கண்ணாடி கிடையாது. ஒரு சாண் நீளம்கூட இல்லாத துண்டுக் கட்டையை உள்ளே விட்டுவிட்டு, அதற்கு நேர் பின்னால் நின்று, குனிந்து, மிஷின் வாயை எட்டிப் பார்க்கிறாய். என்ன, உள்ளே சாமி தெரிகிறதா? உடனே போன் போட்டு, இது என்னடா கோலம் என்று கேட்டால், “அம்மா, இது சின்ன மிஷினும்மா, பயப்படாத” என்று சிரிக்கிறாய். உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா, என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, “சூப்பர்டா தம்பி, நல்லா பண்ற” என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்குப் போனை அடுப்பில் போட்டிருப்பேன். அப்புறம் நான் மறுபடி பேசி, என் கடிதம் வந்து சேரும்வரை அந்த மிஷினைத் தொட மாட்டேன் என்று உன்னிடம் சத்தியம் வாங்கினேன் அல்லவா, அதற்கான காரணத்தை இப்போது சொல்கிறேன். உட்கார்ந்து படி.

மூன்று மாதமாக உன்னிடம் ஒன்றை மறைத்திருக்கிறோம். ஆனி மாதத்தில் உன் அப்பாவின் வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் மேல் கணுவோடு போய்விட்டன. நம் ஷெட்டில் இருக்கிற திக்னஸ் மிஷினில், உன்னிடம் இருப்பதும் அதே ஜாதிதான். நீகூட ஒருநாள், அப்பா ஏன் கையைத் துண்டுக்குள்ளேயே வைத்திருக்கிறார் என்று கேட்டாய். குளிருது என்றார். ஆடி மாதம், விருத்தாசலம், குளிருதாம். நீயும் நம்பினாய்.

நடந்தது இதுதான். தொழிற்பேட்டையில் பீங்கான் ஃப்யூஸ் கட்டை செய்கிற யூனிட் வைத்திருக்கிற சக்கரபாணி அண்ணன், காய வைக்கிற பலகை அறுபது கேட்டிருந்தார். பச்சை மண்ணில் செய்த சாமானை அதன்மேல் அடுக்கித்தான் காய வைப்பார்கள். பலகை மேடு பள்ளமாக இருந்தால் சாமான் கோணிக்கொண்டு காயும், சூளைக்குள் போனதும் விரிசல் விடும். அதனால்தான் எல்லாப் பலகையும் மிஷினில் விட்டு ஒரே கனமாக இழைத்துக் கொடுக்கிறோம். பலகை எல்லாம் முடிந்துவிட்டது. பலகைக்கு அடியில் குறுக்கே அடிக்கிற சட்டம் மட்டும் பாக்கி. நீளமாக இருக்கும்போதே இழைத்துவிட்டுப் பிறகு அறுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். உன் அப்பா முதலில் துண்டு துண்டாக அறுத்துவிட்டார். அப்புறம் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கனம். சரி, துண்டையே மிஷினில் விடலாம் என்று ஆரம்பித்தார்.

அந்த மிஷினுக்குள் முன்னால் ஒரு ரோலர், பின்னால் ஒரு ரோலர், நடுவில் பிளேடு வைத்த உருளை. முன் ரோலர் கட்டையை விடுவதற்குள் பின் ரோலர் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கட்டை குட்டையாக இருந்தால் நடுவில் பிடிப்பில்லாமல் நின்றுவிடும். ஒன்று உள்ளே குறுக்கே மாட்டிக்கொள்ளும், இல்லை பிளேடு அதை அப்படியே பின்னால் வீசும். அன்றைக்கு மூன்றாவது துண்டு உள்ளே மாட்டிக்கொண்டது. மிஷின் உறுமியது. அதே நேரம் பார்த்துக் கரண்டு போனது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த மிஷினுக்கு ஒரு ஸ்டார்ட்டர் உண்டு. கரண்டு போனால் தானாக அணைந்துவிடும், திரும்ப வந்தாலும் நாம் போய்ப் பச்சைப் பொத்தானை அமுக்கினால்தான் மோட்டார் ஓடும். வைகாசியிலேயே அது கெட்டுவிட்டது. ஆளைக் கூப்பிட்டுச் சரி செய்யுங்கள் என்றால், வேலை நிற்கிறது என்று உன் அப்பா ஒயரை மோட்டாருக்கு டைரக்டாகக் கொடுத்துவிட்டார். நானும் இரண்டு நாள் கத்திவிட்டு விட்டுவிட்டேன். அந்த இரண்டு நாளோடு விட்டதற்கு என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

கரண்டு போனதும், மிஷின்தான் நின்றுவிட்டதே என்று சுவிட்சை அணைக்காமலே மேல் மூடியைத் தூக்கிவிட்டுக் கையை உள்ளே விட்டார். நான் பலகை அடுக்குக்குப் பக்கத்தில் சாக்பீஸால் எண் போட்டுக்கொண்டிருந்தேன். “என்னங்க, சுவிட்ச அணைச்சிட்டுக் கைய வைங்க” என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “கரண்டே இல்லாத மிஷினு என்னா பண்ணும், கடிக்குமா?” என்றார். சாக்பீஸைப் போட்டுவிட்டு நானே சுவிட்சை நோக்கி நடந்தேன். அங்கிருந்து எட்டு அடி இருக்கும். நாலாவது அடி வைக்கும்போது தலைக்கு மேல் டியூப் லைட் கண் சிமிட்டியது.

வளவா, நான் அவரிடம் ஓடவில்லை, சுவிட்சிடம்தான் ஓடினேன். அணைத்துவிட்டுத் திரும்பினால், இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். “அமிர்தம், எம் விரலு எங்கன்னு பாரு” என்றார், மூக்குக் கண்ணாடியைத் தேடித் தரச் சொல்கிற மாதிரி. மரத்தூளுக்குள் கையை விட்டுத் தேடினேன். எடுக்கிற மாதிரி ஒன்றுமே இல்லை. ஆட்டோ சாமிதுரை வந்து ஏற்றிக்கொண்டு போனார். இங்கே ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். ஒட்ட வைப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். திரும்பி வரும்போது வண்டியில் உன் அப்பா பேசியது ஒன்றே ஒன்றுதான். “தம்பிகிட்ட சொல்லாத. அந்தப் பொண்ணு மாசமா இருக்குது, இவன் லீவு போட்டுட்டு ஓடியாந்துடுவான்.” அந்த முகத்தைப் பார்த்து நானும் சரி என்றேன். அக்கம் பக்கத்தில் கதவு நசுக்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். எந்தக் கதவு என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு கதவு சொல்கிறார்.

பாக்கிச் சட்டம் முழுவதையும் நான்தான் இழைத்துக் கொடுத்தேன். முதல் வேலையாகப் பழமலைநாதனைக் கூப்பிட்டுப் புது ஸ்டார்ட்டர் மாட்டினேன், அவர் நல்லூர் பக்கம் போர்வெல் மோட்டாருக்கெல்லாம் கரண்டு வேலை செய்கிறவர். இப்போது மிஷினுக்குள் கை போக வேண்டும் என்றால், தூள் தட்டவோ பிளேடு மாற்றவோ எதுவாக இருந்தாலும், மெயினை இறக்கி, ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கி என் இடுப்பில் செருகிக்கொள்வேன். அது என் இடுப்பில் இருக்கிறவரை எந்தக் கரண்டு வந்து என்னை என்ன செய்யும். உன் அப்பா மூன்று வாரம் ஷெட்டுப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. நாலாவது வாரம் வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, “ஒரே இழைப்புல ஒரு நூல் எடு அமிர்தம், பொழுது போவுது” என்று சத்தம் போட ஆரம்பித்தார். ஒரு நூல் என்றால் மூன்று மில்லி. ஒரு தடவைக்கு அரை மில்லிக்கு மேல் எடுக்க மாட்டேன், அவசரம் என்றால் பல்லால் கடித்து எடுங்கள் என்று சொல்லிவிட்டேன். இந்த மனிதரோடு முப்பத்திரண்டு வருஷம்.

இப்போது உன் தொட்டிலுக்கு வருகிறேன். தொட்டில் கம்பு எல்லாம் குட்டைதான், எனக்கும் தெரியும். அதை நீளக் கட்டையாகவே இழைத்து முடித்துவிட்டு அப்புறம் அறு. குறைந்தது எவ்வளவு நீளம் விடலாம் என்று மிஷினோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கும், அதற்கு ஒரு விரற்கடை குறைந்தாலும் விடாதே. பழைய மரம் என்றால் காந்தத்தை மேலே ஓட்டி ஆணி இருக்கிறதா என்று பார், ஆணி பட்டால் பிளேடு பல்லுப் பல்லாகத் தெறிக்கும். மோதிரத்தைக் கழற்றித் தமிழினியிடம் கொடு. அந்தக் கயிறு வைத்த சட்டை வேண்டவே வேண்டாம். கண்ணாடி போடு, மூக்கை மூடு, காதுக்குப் பாட்டு இல்லாத காதடைப்பான் போடு. பலகைக்கு நேராக நிற்காதே, ஒரு ஓரமாக நில், திரும்பி வீசினால் அது சுவரில் படட்டும், உன் வயிற்றில் படக்கூடாது. ஓடும்போது குனிந்து பார்க்காதே. அடித்தட்டில் மெழுகு தேய்த்து வைத்தால் கட்டை தானாக வழுக்கிக்கொண்டு போகும், நீ கை வைத்துத் தள்ள வேண்டியிருக்காது. பிளேடு மழுங்கினால் எல்லாவற்றையும் சேர்த்து மாற்று, ஒன்றை மட்டும் மாற்றினால் உருளை ஆடும். மாட்டிக்கொண்டால் சுவிட்சை அணை, பிளக்கைப் பிடுங்கு, பிளேடு சுற்றி நிற்கிறவரை பொறு, அப்புறம் குச்சியால் தள்ளு. இங்கே கரண்டே போகாதும்மா என்று சொல்வாய். சரிப்பா, உங்கள் ஊரில் கரண்டு போகாது. விரல் போனால் உங்கள் ஊரில் முளைக்குமா?

தமிழினி, நீ அந்த அறைக்குள் போகாதே அம்மா, தூள் உனக்கு ஆகாது. ஆனால் மிஷினுக்குக் கரண்டு எடுக்கிற அந்த நீள ஒயரை நீ வாங்கி வைத்துக்கொள். கேட்கும்போது மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கொடு. சுத்தம் செய்யும் முன்னால் அது திரும்ப உன் கைக்கு வர வேண்டும்.

இவ்வளவையும் எழுதிக்கொண்டிருக்கும்போது உன் அப்பா வந்து, நாலு பக்கமாக யாருக்கு எழுதுகிறாய் என்று கேட்டார். படித்துக் காட்டினேன். கோபித்துக்கொண்டு எழுந்து போவார் என்று நினைத்தேன். கடைசிவரை தரையைப் பார்த்தே கேட்டுக்கொண்டிருந்தார். “மிஷினு மேல பழி வர்ற மாதிரி எழுதாத, கைய வுட்டது நான்தான்னு எழுது” என்றார். எழுதிவிட்டேன். அப்புறம் துண்டை எடுத்துவிட்டு, இந்தக் கடைசித் தாளின் பின்பக்கத்தில் வலது கையை விரித்து வைத்து, “சுத்தி வரையி, அவன் பாக்கட்டும்” என்றார். பென்சிலால் வரைந்திருக்கிறேன். கட்டை விரல் குண்டாக வந்துவிட்டது என்று குறை வேறு சொல்கிறார். இந்த மூன்று மாதத்தில் அந்தக் கையை அவர் என்னையும் டாக்டரையும் தவிர இன்னொருவருக்குக் காட்டுவது இதுதான் முதல் தடவை. திருப்பிப் பார்த்துவிட்டு அவருக்கு ஒரு போன் போடு, திட்டாதே, அதை நான் நிறையச் செய்துவிட்டேன்.

தொட்டில் செய்ய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நன்றாகச் செய், பத்து விரலோடு செய். பிள்ளை சுகமாகப் பிறக்கட்டும், தமிழினி வேளைக்குச் சாப்பிடட்டும், உங்கள் வீட்டில் எல்லாம் நிறைந்திருக்கட்டும். சட்டைக் கயிற்றை இன்றைக்கே உருவிப் போடு, மறந்துவிடாதே.

உன்மேல் கோபமாகவும் பிரியமாகவும் இருக்கிற அம்மா,
கோ. அமிர்தம்