துளையிட ஒரு கையெழுத்து

ஐப்பசி 14, செவ்வாய்.

என்னிடம் மண் பொறியியல் படித்துப் பேராசிரியரான சேகர் இன்று மலையேறி வந்தான். மண்சரிவு ஆய்வுக்காக என் நிலத்தில் துளையிட என் கையெழுத்து வேண்டுமாம். அந்த ஆய்வில் உதவித்தொகையுடன் முனைவர் பட்ட இடம் ஒன்று உண்டு. அதற்கு விண்ணப்பித்த பக்கத்து வீட்டுக் காவேரியை நேர்காணலிலேயே கழித்துவிட்டான். காரணம் கேட்டேன்.

“பொம்பளப் புள்ள மேடம். மழையில மலையேறி மண்ணெடுக்குமாங்க?”

“இன்னா பேசற நீ? இப்போ வாசல்ல சேத்துல மாட்டுன உன் காரைத் தள்ளிவுட்டது யாரு?”

“யாரோ ஒரு பொண்ணு…”

“அவதான்டா காவேரி.”

நேர்காணல் செய்தவனுக்கு முகம்கூட நினைவில்லை. காவேரிக்கு அந்த இடத்தைத் தரும் ஆணை வரட்டும், பிறகு கையெழுத்திடுகிறேன் என்றேன். கையெழுத்துக்கு நீட்டிய பேனாவை இங்கேயே மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டான். இந்த நாட்குறிப்பை நன்றாகவே எழுதுகிறது.