காலடியில் கிடந்த சிலுவை

ரொம்சோஸ், ஒஸ்லோ
14.10.2006

அன்பு புளோறன்ஸ் அக்கா,

நீங்களும் அத்தானும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. பிலேந்திரன் இப்போது ஊன்றுகோலோடு குசினி அடுப்படி வரை நடக்கிறார்.

உங்கள் கடிதம் கிடைத்தது. அத்தானின் தம்பி மகேந்திரராசா மேல் நான் கொடுத்த முறைப்பாட்டை மீளப் பெறச் சொல்கிறீர்கள். "ஒரு உடைஞ்ச கல்லுக்காகச் சொந்தத்தைக் காட்டிக் குடுக்கிறியோ?" என்று கேட்டிருக்கிறீர்கள். நடந்ததை முழுதாகச் சொல்கிறேன்.

போன வருசம் பங்குனியில் மகேந்திரராசாவின் கட்டட வேலையில்தான் ஏறி நின்ற சாரப்பலகை முறிந்து என் மனுசன் விழுந்தார். முள்ளந்தண்டு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடக்கையில், விசாரிக்க வந்தவர்களிடம் மகேந்திரராசா, "அவன் குடிச்சிட்டு ஏறினவன்" என்றார். வாழ்நாளில் ஒரு சொட்டும் தொடாத மனிதரை, அக்கா! கோயிலில் சனம் எங்களுக்குப் பக்கத்தில் இருப்பதையே விட்டுவிட்டது.

இந்த ஆனியில் அவர் மகளின் பிறந்தநாள். சொந்தம் விட்டுப்போகக்கூடாது என்று இவர்தான் என்னை எல்லிங்ஸ்ருட்டில் இருக்கும் அவர்கள் வீட்டுக்கு அனுப்பினார். தோட்டத்துப் படியில் கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். படியாய்ப் போட்டிருந்த உடைந்த கல்லில் சிலுவையின் ஒரு கை, அரைவட்டத்தோடு செதுக்கியிருந்தது. நான் துப்புரவு செய்யும் மியூசியத்தில் அதே மாதிரித் துண்டு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. எண்ணூறு வருசத்துக்கு முந்தியது. கேட்டபோது மகேந்திரராசா சிரித்தார்: "போன மாசம் ஒரு பழைய தொழுவத்தை இடிக்கேக்கை அத்திவாரத்துக்குள்ள கிடந்தது. அரசாங்கத்துக்குச் சொன்னா வேலையை நிப்பாட்டிப் போடுவாங்கள்."

"நல்ல வடிவு" என்று சொல்லிக் கேக் சாப்பிட்டேன். திங்கட்கிழமை மியூசியத்து அதிகாரியிடம் சொன்னேன்.

பொலிசோடு வந்து கல்லைத் தூக்கினார்கள். அப்போதும் அவர், "பிலேந்திரன் கொண்டந்து போட்டவன்" என்றாராம். தொழுவம் இடித்தது இந்த வைகாசியில். இவர் அப்போது கட்டிலில். ஆஸ்பத்திரிக் கடிதங்களைக் கொண்டுபோய் பொலிசின் மேசையில் வைத்தேன். அந்தப் பொய் உடைந்ததும் பழைய விபத்தையும் கிண்டத் தொடங்கினார்கள். கூட வேலை செய்த ஒருவர், அந்தச் சாரப்பலகை உக்கி இற்றுப்போயிருந்ததென்று இப்போதுதான் வாய் திறந்திருக்கிறார். வழக்கு தை மாதம்.

வெறும் கல்தான், அக்கா. ஆனால் 1537ஆம் ஆண்டுக்கு முந்திய கல்லில் கை வைத்தால் இந்த நாட்டுச் சட்டம் ஏனென்று கேட்கும். என் மனுசன் விழுந்தபோது மகேந்திரராசாவின் ஒரு சொல்லோடு விசாரணை முடிந்தது. அவர் நீதிமன்றத்தில் தலைகுனிந்து நிற்பதை நான் முன்வரிசையில் இருந்து பார்க்க வேண்டும்.

"விடப்பா, அவன்ர பிள்ளையளை நினைச்சுப் பார்" என்கிறார் பிலேந்திரன். அவர் மன்னித்துவிட்டாராம். என்னால் முடியவில்லை.

அவருடைய முதுகுக்காக அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்துங்கள். எனக்காகக் கொளுத்த வேண்டாம். தைக்கு முதல் என் மனம் மாறிவிடுமோ என்று பயமாயிருக்கிறது.

உங்கள் தங்கை
மரியரஞ்சனி