கருப்பட்டிக் காப்பி நிறம்

12 நவ., புதன். ராஜபாளையம். தூறல்.
காய்ச்சல் விட்டு மூன்றாம் நாள். கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. கெண்டைக்கால், தொடை, தொட்டாலே வலி. மூட்டில் இல்லை, சதையில்.
சரஸ்வதி: "இந்த வயசுல அய்யனார் கோவிலுக்கு நடந்திய. காலு சும்மா இருக்குமா?" நடந்தது காய்ச்சலுக்கு முன்னால். மனைவியிடம் சொல்லிப் பயனில்லை.
மாலை, சிறுநீர் கறுத்திருந்தது. இந்த நிறம் பார்த்ததில்லை. ஆனால் கேட்டிருக்கிறேன். எங்கே?

13, வியாழன். வெயில்.
பல் தேய்க்கும்போது ஞாபகம் வந்தது. வன்னியம்பட்டி, காய்ச்சலில் கிடந்த மாடசாமி. முப்பது வருஷம் இருக்கும், நான் பேப்பர் நிருபர். ஊரெல்லாம் காய்ச்சல் என்று தகவல். போட்டோகிராபர் சங்கரன் வண்டியில் போனோம். செய்தி எழுதியது ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில். மதுரை ஆபீசுக்குக் கவர், பஸ் டிரைவர் கையில். கவரில் எப்போதும் பால்கோவா நெய். அதற்கு ஆபீஸ் டெஸ்கில் எப்போதும் திட்டு. நல்ல நாட்கள்.
மாடசாமி கட்டிலில் இருந்தபடி சொன்னார்: "மூட்டு இல்ல சார், சதை. ஒண்ணுக்கு கருப்பட்டிக் காப்பி மாரி போகுது." எழுதியிருந்தேன். சங்கரன் எட்டிப் பார்த்தான்: "ஏலே, காலையில காப்பியும் கையுமா பேப்பர் பிரிக்கிறவன் என்ன ஆவான்?" சிரித்தோம். அந்த வரியை அடித்து நீக்கினேன். காய்ச்சல் என்றால் மூட்டுவலிதானே என்று சதைவலியை மூட்டுவலி ஆக்கினேன். தலைப்பு: மர்மக் காய்ச்சல். அப்போது எல்லாக் காய்ச்சலுக்கும் அதுதான்.
பிறகு போய் விசாரிக்கவில்லை.
சரஸ்வதியிடம் நிறத்தைச் சொன்னேன். உடனே ஆட்டோ பிடித்தாள்.
டாக்டர், சின்ன வயசுப் பெண்: "வலி ஊசி எதுவும் போட்டீங்களா?" இல்லை. "நல்லதாப் போச்சு, அது கிட்னியக் கெடுத்திருக்கும். வைரஸ் காய்ச்சலுக்குப் பின்னால வர்ற தசை அழற்சி. கரையுற சதை கிட்னியில போய் அடைக்கும். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா கஷ்டம்."
ரத்தத்தில் சி.கே., சதை எவ்வளவு கரைகிறது என்ற கணக்கு, பதினாலாயிரம். இருநூறைத் தாண்டக் கூடாதாம். கிட்னி தாங்குமா, நாளை தெரியும். அட்மிட். டிரிப்ஸ்.

16, ஞாயிறு. ஆஸ்பத்திரி. ஜன்னலில் மேகம்.
சி.கே. பாதியாக இறங்கிவிட்டது. கிட்னி தப்பித்தது. கட்டிலைப் பிடித்து நாலு எட்டு.
சங்கரன் வந்தான், ஆரஞ்சோடு. மாடசாமி என்ன ஆனார், வன்னியம்பட்டியில் கேட்டுச் சொல் என்றிருந்தேன். ஒரு பழத்தை உரித்தபடி சொன்னான்.
"நம்ம போட்டோ பேப்பர்ல வந்த வாரமே போய்ட்டாராம்லே. கடைசில ஒண்ணுக்கே போகலையாம்."
சுளையை நீட்டினான். யாரும் தின்னவில்லை.
நர்ஸ் வந்தார். "சார், யூரின் என்ன கலர்?"
இளமஞ்சள் என்றேன். எழுதிக்கொண்டார். சார்ட்டில் அதற்கென்றே ஒரு கட்டம் இருக்கிறது.