இடம் என்றால் வலம்

மார்ச் 4
உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டி இன்று வலப்பக்கம் திரும்ப மறுத்துவிட்டது. ஸ்டியரிங்கை எவ்வளவு முறுக்கினாலும் யோசிக்கிறது, அவ்வளவுதான். இடப்பக்கம் மட்டும் ஜோராகப் போகிறது. ஆஸ்பத்திரியின் முன்புறப் புல்வெளி முழுவதையும் சுற்றிச் சுற்றியே வெட்டினேன். மாடியில் எலும்பு வார்டு நோயாளிகள் ஜன்னலில் கூடிவிட்டார்கள். கையில் மாவுக்கட்டோடு ஒருவர் டாட்டா காட்டினார்.

மார்ச் 5
நிர்வாக அதிகாரி கூப்பிட்டனுப்பினார். பதினைந்தாம் தேதி ஆஸ்பத்திரி டிரஸ்ட் தலைவர் வருகிறாராம். புல்லில் கோடு போட்டதுபோல் வெட்டு தெரிய வேண்டும். இல்லையென்றால் வேலை வெளி கம்பெனிக்குப் போய்விடும். பதினோரு வருஷம் இங்கே. எனக்கு இப்போது யார் வேலை கொடுப்பார்கள்?

மார்ச் 7
வண்டியைக் குப்புறப் போடாத குறை. ஸ்டியரிங் தண்டின் அடியில் இருக்கும் பல்சக்கரம் ஒரு பக்கம் மழுங்கிப்போயிருக்கிறது. மாற்றுச் சக்கரம் வர மூன்று வாரமாம். வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் மைத்துனன், என் மனைவியின் தம்பி, வந்து தேய்ந்த பல்லை வெல்டிங்கில் கட்டி, அரத்தால் ராவிச் சரிசெய்தான். திரும்ப மாட்டும்போது இணைப்புக் கம்பி சக்கரத்தின் எந்தப் பக்கத்துத் துளையில் இருந்தது என்று இருவருக்கும் தகராறு. வயதில் சின்னவன், குரல் பெரிது. அவன் சொன்ன பக்கமே மாட்டினோம். கழலாமல் இருக்கட்டும் என்று மேலே ஒரு பொட்டு வெல்டிங்கும் வைத்தான். ஓட்டிப் பார்த்தோமா? இல்லை. வெளியூர் வேலைக்கு பஸ் பிடிக்க ஓடிவிட்டான். மூன்று வாரம் கழித்துத்தான் வருவான்.

மார்ச் 8
இடப்பக்கம் திருப்பினால் வலப்பக்கம் போகிறது. வலப்பக்கம் திருப்பினால் — அதேதான், மறுபக்கம்.
எலும்பு வார்டில் நர்ஸாக இருக்கும் என் மனைவியும் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். "நீங்க நினைக்கிறதுக்கு நேர்மாறா செய்யுங்க. வீட்ல அப்படித்தானே நடக்குது" என்றாள்.

மார்ச் 10
வேலியில் இரண்டு முறை. அதிகாரியின் காருக்கு ஒரு சாண் முன்னால் ஒரு முறை.

மார்ச் 12
கை பழகிவிட்டது! இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு. மாடியில் கைதட்டல். கட்டுப் போட்டவர் மேஜையைத் தட்டினாராம்.

மார்ச் 13
அதிகாரி என்னை நம்பவில்லை. வெளி கம்பெனி ஆளையே கூட்டிவந்து ஓட்டிக் காட்டச் சொன்னார். "சார், அந்த ஸ்டியரிங்..." என்று ஆரம்பித்தேன். "நீங்க சும்மா இருங்க" என்றார். சும்மா இருந்தேன்.
அந்த ஆள் அவசர சிகிச்சைப் பிரிவு வாசலைத் தவிர்க்கத் திருப்பினார். சரிவுப் பாதையில் ஏறி, கதவைத் தாண்டி, நேராக உள்ளேயே போய்விட்டார். ஸ்ட்ரெச்சர் தயாராக இருந்தது. மணிக்கட்டில் விரிசல் மட்டும்தான். எலும்பு வார்டில் ஜன்னலோரப் படுக்கை.
இன்னும் சத்தமாகச் சொல்லியிருக்கலாமோ? சொல்லியிருக்கலாம்.

மார்ச் 15
தலைவர் வந்தார். புல்லைப் பார்க்கவே இல்லை. ஆனால் அதிகாரி சுற்றறிக்கை ஒட்டிவிட்டார்: இந்த வண்டியை என்னைத் தவிர யாரும் தொடக்கூடாது. வேலை நிலைத்தது. குளியலறையில் கொஞ்சம் அழுதேன்.

ஏப்ரல் 2
மைத்துனன் கட்டிங் மெஷினோடு வந்து நின்றான். "பத்து நிமிஷ வேலை மாமா. கம்பியை மாத்தி மாட்டிடலாம்." சரியாகிவிட்டால் யார் வேண்டுமானாலும் ஓட்டுவார்களே. வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

மே 19
இன்னும் மூன்று நாளில் மாமனாருக்கு எழுபதாவது பிறந்தநாள். ஊரே கூடுகிறது. நான்கு நாள் விடுப்புக் கேட்டிருந்தேன். திரும்பி வந்த தாளில்: "மாற்று ஓட்டுநர் இல்லை. அனுமதி இல்லை."

மே 20
மனைவி பெட்டியை எடுத்துக்கொண்டு பிறந்தநாளுக்குக் கிளம்பிவிட்டாள். வேலை போனால் போகட்டும் என்று மைத்துனனுக்குப் போன் போட்டு, கட்டிங் மெஷினை உடனே எடுத்துவரச் சொன்னேன். பஸ் இரைச்சலில் அவனுக்குச் சரியாகக் கேட்கவில்லை. பக்கத்தில் அக்கா தூங்குகிறாளாம், மெதுவாகப் பேசச் சொன்னான்.