குரங்கின் வாலைப் பிடித்தவன் எழுதுவது

கூடலூர்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள தேவயானிக்கு,

சுருளிராஜன் எழுதுவது. நானும் நம் மகள் திரிஷாவும் இங்கு நல்ல உடம்போடு இருக்கிறோம். உன் முழங்கால் வலி குறைந்ததா, அங்கே சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று கேட்டு எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீ போனில் போட்ட சத்தம் இன்னும் காதுக்குள்ளேயே இருக்கிறது. அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் முழங்காலுக்கு வர முடியும்.

காவலர் பயிற்சிப் பள்ளியில் வாரத்துக்கு ஒரு தடவைதான் போனைக் கையில் கொடுக்கிறார்கள். அந்த நேரம் முழுவதையும் நீயே பேசித் தீர்த்துவிட்டாய். நான் பேசியது "இல்ல தேவயானி" என்பது மட்டும்தான். அதையும் பல தடவை தொடங்கினேனே தவிர முடிக்கவில்லை. கடைசியில், "வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம். நான் கிளம்பி வந்துர்றேன் மாமா" என்று அழுதாய். அதோடு போனை வாங்கி வைத்துவிட்டார்கள். எழுத்தில் நடுவே மறித்துப் பேச முடியாது என்பதால் கடிதம் போடுகிறேன். பெட்டியைக் கட்டுவதற்கு முன்னால் இதை முழுக்கப் படித்துவிடு.

குடும்பக் குரூப்பில் உன் அக்கா ஜோதிலட்சுமி மதினி போட்ட வீடியோவைப் பார்த்திருக்கிறாய். கம்பம் பஸ் ஸ்டாண்டில் நம் பிள்ளை தரையில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் முதுகிலிருந்து ஒரு கயிறு வருகிறது. கயிற்றின் மறுமுனையில் நான் நிற்கிறேன். "பிள்ளைய ஆட்டுக்குட்டி மாதிரி கட்டி இழுக்காக" என்று மதினியே கீழே எழுதியிருந்தார்கள். வீடியோவில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அதற்கு முன்னால் நடந்தது அதில் வரவில்லை.

நீ போகும்போது திரிஷா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்து நடப்பாள் என்று எதிர்பார்த்தேன். நடக்கவே இல்லை. நேராக ஓட்டம்தான். காவலர் தேர்வில் நீ ஓடியதை மைதானமே வாய் பிளந்து பார்த்ததே, அந்தக் கால் அப்படியே இறங்கியிருக்கிறது. எனக்கோ நாளெல்லாம் தையல் மெஷினில் உட்கார்ந்து வளர்ந்த தொந்தி.

நம் சீட் கவர் கடை வாசலில் இறங்கினால் குமுளி ரோடு. ஒரு காலையில் ஜீப் சீட்டுக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தேன். காலடியில் பஞ்சைப் பிய்த்துக்கொண்டிருந்தவள், நான் நிமிர்ந்து பார்த்தால் வாசல்படியில் நிற்கிறாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அப்பா விளையாட்டுக்குத் துரத்துகிறார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே ஓடினாள். வாழைத்தார் ஏற்றிய லாரி ஒன்று குமுளிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அவள் கவுனின் பின்பக்க நாடா எப்படியோ என் விரலில் சிக்கியது. லாரிக்காரர் வண்டியை நிறுத்தி இறங்கி வந்தார். என்னைத் திட்டக்கூட அவருக்குத் தெம்பில்லை. ரோட்டோரமாக உட்கார்ந்துவிட்டார். டீக்கடை மலைச்சாமி அண்ணன் அவருக்கும் எனக்கும் தண்ணீர் கொடுத்தார். இவள் மட்டும் இன்னொரு தடவை ஓடலாமா என்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளைக்கு ஒரு பட்டை மாட்டிப் பிடித்துக்கொள்வது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். நான் சீட் தைக்கிறவன், பட்டை தைக்க யாரிடம் போய் நிற்க வேண்டும்? பழைய ஜீப்பிலிருந்து கழற்றிய பெல்ட்டை வெட்டி, இரும்பு பக்கிளோடு அவள் அளவுக்குத் தைத்தேன். மாட்டிவிட்டதும் பாரம் தாங்காமல் பின்பக்கமாகச் சாய்ந்து, மல்லாந்த ஆமை மாதிரி கையையும் காலையும் ஆட்டிக்கொண்டு கிடந்தாள். சரி, கனம்தான் தப்பு என்று வலைத்துணியில் இன்னொன்று தைத்தேன். அழகாக இருந்தது. தோளில் இரண்டு பட்டை, இடுப்பில் ஒன்று. அதைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தவள் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு குனிந்தாள், அவ்வளவுதான். பட்டையும் கவுனும் என் கையில் இருந்தன. பிள்ளை ஜட்டியோடு மலைச்சாமி அண்ணன் கடைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒருத்தர் அசையாமல் உட்காருவதற்குத் தைப்பதும், ஓடுகிறவரைப் பிடித்து வைக்கத் தைப்பதும் ஒரே தொழில் இல்லை என்று புரிந்தது.

அதனால் அவளைத் தூக்கிக்கொண்டு தேனிக்குப் போனேன். குழந்தைச் சாமான் விற்கிற கடை. ஸ்டான்லி என்று ஒருத்தர் வைத்திருக்கிறார். ரொம்பத் தன்மையானவர், பேச்சை மட்டும் நிறுத்த மாட்டார். முதலில் மணிக்கட்டில் மாட்டுகிற ரகத்தை எடுத்தார். ஒரு வளையம் பிள்ளை கையில், ஒரு வளையம் நம் கையில், நடுவில் போன் வயர் மாதிரி சுருள். மாட்டிக் காட்டுகிறேன் என்று ஒரு முனையைத் தன் கையிலும் மறுமுனையை என் கையிலும் மாட்டினார். அந்த நேரம் பார்த்துத் திரிஷா கடையை விட்டு வெளியே ஓடினாள். நான் தூணுக்கு இந்தப் பக்கமாகப் பாய்ந்தேன், ஸ்டான்லி அந்தப் பக்கமாகப் பாய்ந்தார். இரண்டு பேரும் தூணைச் சுற்றி வந்து நெற்றியோடு நெற்றி முட்டிக்கொண்டோம். வாசலில் செருப்பு விட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா அவளைப் பிடித்து உள்ளே கொண்டுவந்து விட்டார்கள். அந்த ரகம் வேண்டாம் என்று ஸ்டான்லியே சொல்லிவிட்டார். சின்னப் பிள்ளைகளுக்கு மணிக்கட்டில் இழுவை விழுந்தால் வலிக்கும், இந்த ஒட்டுப்பட்டையை அதுகளே பிய்த்துவிடும் என்றார். அதற்குள் இவள் பிய்த்துவிட்டிருந்தாள். அந்த 'சர்ர்' சத்தம் பிடித்துப்போய் இப்போது ஊரில் எல்லார் செருப்பையும் அவிழ்க்கிறாள்.

பிறகுதான் இந்தக் குரங்குப் பை வந்தது. முதுகில் ஒரு பொம்மைக் குரங்கு உட்கார்ந்திருக்கும். அதன் கை இரண்டும் தோள்பட்டை. நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு பூட்டு. அது இருந்தால் கையைத் தூக்கினாலும் பட்டை தோளை விட்டு இறங்காது. என் தையலில் இல்லாமல் போனது அதுதான். பட்டைக்கும் உடம்புக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும். மூன்று நுழைந்தால் பிள்ளை வெளியே வந்துவிடும், ஒன்றுகூட நுழையாவிட்டால் மூச்சு முட்டும். கழுத்துப் பக்கம் எதுவும் வரவே கூடாது. குரங்கின் நீள வால்தான் நாம் பிடிக்கிற கயிறு. நீ வீடியோவில் பார்த்தது அந்த வாலை.

கூடவே பைக்குக்கும் ஒரு பெல்ட் வாங்கினேன். பிள்ளைக்கு ஒரு சட்டை மாதிரி, அதிலிருந்து வருகிற பட்டை என் தோளில். சின்ன ஹெல்மெட் தனி. பிள்ளையோடு போகும்போது நாற்பதுக்கு மேல் வேகம் கூடாதாம். நம் வண்டி நாற்பதைப் பார்த்தே வருஷமாகிறது, அதனால் அந்தக் கவலை உனக்கு வேண்டாம். உத்தமபாளையத்தில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். தொலைந்தோம் என்று எல்லாத் தாளையும் எடுத்து நீட்டினேன். அவர் அதையெல்லாம் பார்க்கவே இல்லை. தன் பேரனுக்கு வேண்டும், எங்கே வாங்கியது என்று விசாரித்தார். இவள் அம்மாவும் உங்க டிபார்ட்மெண்ட்தான், பயிற்சியில் இருக்காக என்று சொன்னேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். அவர் திரிஷாவுக்கு சல்யூட் அடித்தார். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

இனி கம்பம் பஸ் ஸ்டாண்ட். ரெக்சின் வாங்கப் போயிருந்தேன். நீ காக்கி உடுப்பில் எடுத்து அனுப்பிய போட்டோவை மெஷினுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். தினமும் அவளைத் தூக்கிக் காட்டினால்தான் வேலை செய்ய விடுவாள். அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் காக்கி உடுத்திய ஒரு பெண் போலீஸ் முதுகைக் காட்டி நின்றிருந்தார்கள். இவள் பார்த்துவிட்டாள். "ம்மா" என்று ஒரு இழுப்பு. கையில் டீ டம்ளரோடு அத்தனை கூட்டத்திலும் நான் இழுபட்டுப் போனேன். நான் அவளை இழுக்கவில்லை தேவயானி, அவள்தான் என்னை இழுத்தாள். கிட்டே போனதும் அந்தப் பெண் திரும்பினார்கள். இவள் அந்த முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. பஸ் பின்னால் வருகிறதே என்று நான் வாலைப் பிடித்து இழுத்தேன். அந்த நேரத்தில்தான் தேனி பஸ்ஸின் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மதினி போனை நீட்டியிருக்கிறார்கள்.

நீ போனில் அழுத மறுநாளே மதினி ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். "ஆட்டுக்குட்டியவா தம்பி பிடிச்சுட்டுப் போறீக? பாக்குறவுக என்ன நினைப்பாக? பிள்ளைய எங்கிட்டக் குடுங்க. தேவயானி வர்ற வரைக்கும் அங்கன இருக்கட்டும்" என்றார்கள். பையன்கள் இருவரும் ஹாஸ்டலுக்குப் போன பிறகு தேனி அல்லிநகரத்து வீடு அவர்களுக்குப் பெரிதாகத் தெரிகிறது என்று எனக்கும் தெரியும். அதனால் எதிர்த்துப் பேசவில்லை. குரங்குப் பையை மட்டும் எடுத்துக் கொடுத்தேன். அதைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், தனக்கு விரல் இருக்கிறது, பிடித்துக்கொண்டு நடப்பேன் என்று சொல்லிவிட்டார்கள். அன்று ராத்திரி கடையில் நூல் அறுந்தால்கூடக் கேட்கிற அமைதி. எனக்கு அது பிடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் போன் வந்தது. மதினி அழவில்லை. குரல் மட்டும் அவர்கள் குரலாக இல்லை. "தம்பி, அந்தக் குரங்கை எடுத்துட்டு இங்கன வாங்க" என்றார்கள். போனை வைத்துவிட்டார்கள்.

நடந்தது இதுதான். தேனிச் சந்தையில் முருங்கைக்காய் வாங்கிவிட்டுப் பையைத் திறக்கப் பிள்ளையின் விரலை விட்டிருக்கிறார்கள். திரும்பினால் பிள்ளை இல்லை. மதினி ஓடியிருக்கிறார்கள். ஒரு செருப்பு தக்காளிக் கடைப் பக்கம் போயிற்று, வாங்கிய முருங்கைக்காய் எங்கே போயிற்று என்று இன்றுவரை தெரியாது. பேரைச் சொல்லிக் கத்தியதில் ஒலிபெருக்கியில் விலை சொல்லிக்கொண்டிருந்தவரே நிறுத்திவிட்டாராம். கடைசியில் ஒரு காய்கறி மேசைக்கு அடியில், இரண்டு கையிலும் கேரட்டோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்துக் கடைக்காரி பிள்ளை என்று நினைத்து மேசைக்கார அம்மாதான் தின்னக் கொடுத்திருக்கிறார்கள்.

நான் போனபோது மதினி வீட்டுப் படியில், ஒரு காலில் மட்டும் செருப்போடு உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளையின் கையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்கள். "கண்ணு மூடித் தொறக்கல தம்பி. அதுக்குள்ள காணோம்" என்றார்கள். நான் அப்போதே குரங்குப் பையைக் கொடுத்தேனே என்று குத்திக்காட்ட மனம் வரவில்லை. குமுளி ரோட்டு லாரியைப் பற்றிச் சொன்னேன். அதுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை. திரிஷா மதினியின் மிச்சச் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

பிறகு குரங்கை மாட்டினோம். மதினி மெத்தை சுருட்டுகிற மாதிரி இறுக்கிவிட்டார்கள். இரண்டு விரல் கணக்கைச் சொல்லித் தளர்த்தினேன். பிள்ளையை அங்கேயே விட்டுவிட்டு வந்த மறுநாள், சோறு வடிக்கிற நேரத்தில் வாலை பீரோக் கைப்பிடியில் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். இவள் இழுத்த இழுப்பில் கதவு திறந்து பட்டுச்சேலை அத்தனையும் தலையில் விழுந்துவிட்டது. வால் ஆள் கையில்தான் இருக்க வேண்டும், எதிலும் கட்டக் கூடாது, தூங்கும்போது கழற்றிவிட வேண்டும் என்று அதையும் போனில் சொன்னேன். இப்போது அல்லிநகரத்தில் மதினிதான் இதற்கு வாத்தியார். நேற்று நான் பிள்ளையைக் கூட்டிவரப் போயிருந்தபோது எதிர்வீட்டுக்காரி, இது என்ன ஆட்டுக்குட்டியா என்று கேட்டாள். "ஆட்டுக்கு எவளாச்சும் நெஞ்சுல பூட்டுப் போடுவாளா? விவரம் தெரிஞ்சு பேசு. போலீஸ்காரி மகளாக்கும்" என்று பதில் சொன்னார்கள். நான் உள்ளே காபி குடித்துக்கொண்டிருந்தேன், காதால் கேட்டேன். இதை நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. புதன், வியாழன் அங்கே, மற்ற நாள் என்னோடு என்று பேசி வைத்திருக்கிறோம். குரூப்பில் புதிதாக ஒரு வீடியோவும் போட்டிருக்கிறார்கள். அதில் இழுபட்டுப் போவது மதினி.

முழங்காலுக்குத் தைலம் தனிப் பார்சலில் வருகிறது. ராத்திரி தேய்த்துக்கொண்டு படு. ஓட்டத்தில் நீதான் முதலில் வருகிறாய் என்று உன் தோழி மதினியிடம் சொன்னாளாம், நீ ஏன் என்னிடம் சொல்லவில்லை? பிள்ளை உன்னை மறந்துவிடுவாள் என்று பயப்படுகிறாய், எனக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டில் அவள் இழுத்த இழுப்பில் என் உள்ளங்கையில் விழுந்த தடம் இன்னும் ஆறவில்லை. மறக்கிற பிள்ளை அப்படி இழுக்காது.

சுருளி வேலப்பர் உன் காலுக்கு பலம் கொடுக்கட்டும். பயிற்சி முடிவதற்கு முன்னால் வந்துவிடாதே. முடிந்த பிறகு ஒரு பஸ்ஸைக்கூட விட்டுவிடாதே.

உன் மகளையும் உன் பெயரையும் பத்திரமாக வைத்திருக்கும்,
சுருளிராஜன்